சிவப்புக் கோடு

முதல் வாரம்: பல்லாங்குழி

கடல்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி ஆறவிட்டிருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைப்பார்களே, அதே கடல்பாசிதான். இங்கே பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. உறைந்த பாசியின் நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றி வட்டமாகச் சில குழிகள். பார்த்தால் பல்லாங்குழி ஞாபகம் வரும். சோழிக்குப் பதிலாக ஒவ்வொரு குழியிலும் ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம், சில சொட்டுகள்.

ஆட்டம் எளிது. குழிகளை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். சீரத்தில் உள்ள புரதங்கள் ராத்திரி முழுக்கப் பாசிக்குள் ஊறிப் பரவும். நடுக்குழியிலிருந்து கிளம்பியதும் சுற்றுக்குழியிலிருந்து கிளம்பியதும் பாதி வழியில் எதிர்ப்படும். ஒட்டும் உறவும் இல்லையென்றால் தம் பாட்டுக்குக் கடந்துபோய்விடும். ஒன்று மற்றதைப் பிடிப்பதற்கென்றே உருவான ஆன்டிபாடியாக இருந்தால், எதிர்ப்பட்ட இடத்திலேயே கோத்துக்கொண்டு படிந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. ஸ்வீடன்காரர் ஓக்டர்லோனி வகுத்த முறை இது.

1963. வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டா. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் இருக்கும் ஊர். அங்கே ரத்த வங்கியில் வேலை பார்க்கும் ஹார்வி ஆல்டர் என்ற இளம் மருத்துவர் அப்படி ஒரு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கோடு விழுந்திருக்கிறது. அதில் ஆச்சரியம் இல்லை, முன்பும் விழுந்திருக்கிறது. ஆனால் முன்பு விழுந்தவை கொழுப்பு கலந்த புரதத்தின் கோடுகள். கொழுப்பைத் தேடிப் பிடிக்கும் சூடான் பிளாக் என்ற சாயத்தை ஊற்றினால் கருநீலமாகத் தெரியும். இந்தக் கோட்டில் அந்தச் சாயம் சரியாக ஏறவில்லை. புரதத்துக்கான அசோகார்மின் சாயம் பட்டதும் சிவந்துவிட்டது.

இது வேறு ஆள்.

கோடு அப்படியே இருக்கட்டும். நாம் 13 வருடம் பின்னால் போக வேண்டும்.

தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் சுரினாம். அங்கே பாக்சைட் வெட்டும் மொயெங்கோ என்ற சிற்றூர். 1950-ல் சில மாதங்கள் அங்கே வந்து தங்கினார் பரூக் ப்ளூம்பெர்க் என்ற நியூயார்க் மருத்துவ மாணவர். இளங்கலையில் இயற்பியல் படித்தவர். கணிதத்தில் மேற்படிப்பைத் தொடங்கி, அப்பா சொன்னாரென்று மருத்துவத்துக்குத் தாவியவர். மொயெங்கோவில் ஜாவாக்காரர் இருந்தார்கள், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் இருந்தார்கள், சீனர் இருந்தார்கள், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாரையும் கடித்தது ஒரே கொசு. ஆனால் யானைக்கால் நோயின் புழு எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. ஏன்?

அந்த ஒற்றைக் கேள்வியை அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார், நைஜீரியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார், 1957-ல் பெதஸ்டாவுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஆள் ரத்தத்தில் உள்ள புரதங்களில் நுட்பமான வேறுபாடு இருக்க வேண்டும், நோய் ஒருவரைப் பிடித்து இன்னொருவரை விடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பது அவர் கணக்கு. வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் புரதத்தைத் தேடுகிறோம் என்பதே தெரியாதே.

இங்கேதான் அவரும், ஆக்ஸ்ஃபோர்டு நாளிலிருந்து பழக்கமான ஆன்டனி ஆலிசனும் ஓர் அருமையான குறுக்கு வழியைப் பிடித்தார்கள். ரத்தம் ஏற்றும்போது ஏ, பி, ஓ பிரிவைப் பொருத்திப் பார்ப்பார்கள். சீரத்தில் மிதக்கும் நூற்றுக்கணக்கான புரதங்களை யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை. ஆகவே திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளியின் உடம்பு, என்றாவது ஒரு நாள் தன்னிடம் இல்லாத ஒரு புரதத்தைச் சந்தித்திருக்கும். சந்தித்ததும் அதற்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கும். நமக்குத் தெரியாத வேறுபாட்டை அந்த உடம்பு ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சீரத்தை நடுக்குழியில் ஊற்றினால் போதும்.

குறைந்தது 25 யூனிட் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களாகப் பார்த்துத் தேடினார்கள். 13 பேரின் சீரத்தைச் சோதித்ததில் ஒருவருடையது கோடு போட்டது. அதுதான் கொழுப்புப் புரதக் கோடு. 1961-ல் பத்திரிகையில் வந்தது.

இன்றைக்கு ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஆன்டிபாடி வேண்டுமென்றால் விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும், விரல் உயரக் குப்பியில் பனிக்கட்டிக்குள் புதைத்து அனுப்பிவிடுவார்கள். முயலோ ஆடோ சுண்டெலியோ கொடுத்தது. ப்ளூம்பெர்க் பயன்படுத்திய ஆன்டிபாடியை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. ஹீமோஃபீலியா என்கிற ரத்தம் உறையாத நோயோடு பிறந்து, வாழ்நாளெல்லாம் பிறர் ரத்தத்தால் பிழைத்துக் கிடந்த நியூயார்க்காரர் ஒருவரின் உடம்பு செய்தது.

அந்த நியூயார்க்காரரின் சீரம்தான் ஆல்டர் பார்த்த தகட்டின் நடுக்குழியில் இருந்தது. அதை உலகின் பல மூலைகளிலிருந்து வந்த 24 சீரங்களோடு சோதித்திருந்தார்கள். 23-ல் ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றில் சிவப்புக் கோடு.

குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே யார் பெயர் என்று தேடினார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடையது.

இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர் ரத்தம் இவருக்கு ஏற்றப்பட்டிருக்க வழியே இல்லை. அப்படியிருக்க, நியூயார்க்கில் படுத்திருந்தவரின் உடம்புக்கு, பூமியின் மறுபக்கத்தில் வாழ்ந்தவரின் ரத்தத்தில் இருந்த பொருளை எப்படித் தெரிந்தது?

(தொடரும்)

இரண்டாம் வாரம்: மாறக் கூடாதது

பெயர் வைப்பதில் முதல் குழப்பம். சிவந்ததால் சிவப்பு ஆன்டிஜென் என்று அழைக்கலாம் என்று ஆல்டருக்குத் தோன்றியது. விசித்திரமான ஹீமோகுளோபின்களுக்கு அவை கிடைத்த ஊரின் பெயரை வைக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அந்த வழக்கப்படி ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்றே ப்ளூம்பெர்க் வைத்தார். ஆன்டிஜென் என்றால் ஆன்டிபாடி பிடிக்கும் பொருள். பூட்டும் சாவியும் மாதிரி. நம்மிடம் சாவி இருக்கிறது, அது திறக்கும் பூட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அந்தப் பூட்டு எந்த வீட்டுக் கதவில் தொங்குகிறது என்று மட்டும் தெரியவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் ‘விநோதம்’ என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். 24-ல் ஒன்று, அதுவும் ஒரே ஆளிடம். ப்ளூம்பெர்க்கிடம் ஒரு வசதி இருந்தது: ஃப்ரீசர். ஆர்க்டிக்கிலிருந்து பசிபிக் தீவுகள் வரை அவரும் மற்றவர்களும் சேகரித்த சீரங்கள் ஆயிரக்கணக்கில் அதில் உறைந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் ஊற்றத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் சாதாரண மக்களிடம் அந்தப் பொருள் ஆயிரத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் வெப்ப நாடுகளிலும் தாராளமாக இருந்தது. சில இடங்களில் இருபது பேரில் ஒருவருக்கு. ஆஸ்திரேலியாவுக்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. பெயர் வைத்தது அவசரம்தான்.

சரி, அமெரிக்காவில் அது அறவே இல்லையா? நோயாளிகளின் சீரங்களையும் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளை எடுத்ததும் தகடு பேசியது. பத்தில் ஒருவரிடம் கோடு. 1965 பிப்ரவரியில் ப்ளூம்பெர்க்கும் ஆல்டரும் சகாவும் சேர்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பே, ரத்தப் புற்றுநோயாளிகளின் சீரத்தில் ‘புதிய’ ஆன்டிஜென் என்பதுதான். ‘புதிய’ என்ற சொல்லை அவர்களே மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

இதற்குள் ப்ளூம்பெர்க், பிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ் சேஸ் பகுதியிலிருந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்கு மாறியிருந்தார். ஆல்டர் ரத்தவியல் பயிற்சிக்காக வேறு திசையில் போய்விட்டார். அவரை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவார்.

பிலடெல்ஃபியாவில் ப்ளூம்பெர்க் போட்ட கணக்கு இப்படி: இந்தப் பொருள் பிறவியிலேயே வருவது. யாருக்கு இது இருக்கிறதோ அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் எளிதாக வரும். அது உண்மையானால், ரத்தப் புற்றுநோய் இன்னும் வராத, ஆனால் வர வாய்ப்பு மிகுந்தவர்களிடமும் இது இருக்க வேண்டும். யார் அவர்கள்? டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவர்கள். மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக அவர்களை ரத்தப் புற்றுநோய் தாக்குகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படிப் பிறந்த குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்வார்கள். பெரிய பெரிய விடுதிகளில் நூற்றுக்கணக்கில் ஒரே கூரைக்கடியில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே போய் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது எளிது. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்ற கேள்வி முதலில் வரும், வரவும் வேண்டும். இந்தக் கதையில் வரும் ரத்தத்தில் பாதி, வாய் திறந்து சரியென்றோ மாட்டேனென்றோ சொல்லும் நிலையில் இல்லாதவர்களுடையது.

முடிவு வந்தது. நூற்றுக்கு 30 பேரிடம் கோடு!

கணித்தது அப்படியே பலித்தால் எந்த ஆய்வாளருக்கும் தலைகால் புரியாது. ஆனால் கணக்கை இன்னும் கொஞ்சம் தோண்டியபோது ஒரு நெருடல் தெரிந்தது. டவுன் சின்ட்ரோமோடு பிறந்த பச்சிளங் குழந்தைகளிடம் அது இல்லவே இல்லை. வீட்டில் வளர்ந்தவர்களிடம் குறைவு. சிறிய விடுதியில் கொஞ்சம். பெரிய விடுதியில் ஏராளம். பிறவியிலேயே வருவதென்றால் பிறந்த குழந்தையிடம் இருந்திருக்க வேண்டாமா? விடுதியின் அளவுக்கும் பிறவிக் குணத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த நெருடலோடு இருந்தபோதுதான் 1966-ல் அது நடந்தது. ஏற்கெனவே ஒருமுறை சோதித்து, கோடு விழவில்லை என்று பதிவான ஓர் இளைஞர், டவுன் சின்ட்ரோம் உள்ளவர். அவருடைய சீரத்தை மறுபடி சோதித்தார்கள்.

கோடு விழுந்திருந்தது.

(தொடரும்)

மூன்றாம் வாரம்: கல்லீரல்

ஏ பிரிவு ரத்தத்தோடு பிறந்தவர் வழியில் பி பிரிவாக மாறுவதில்லை. பிறவிக் குணமென்றால் சாகிற வரைக்கும் அதேதான். இந்த இளைஞரிடம் இல்லாதது எப்படி வந்தது? முதல் சோதனை தப்பா, இரண்டாவது தப்பா? குப்பி மாறிவிட்டதா? எல்லாவற்றையும் பார்த்தார்கள். தப்பு எதுவும் இல்லை.

அவரை மருத்துவமனையில் சேர்த்துக் கவனித்தார்கள். உடன் வேலை பார்த்த மருத்துவர்கள் ஆல்டன் சட்னிக்கும் தாமஸ் லண்டனும். புதிதாக ஒரு புரதம் ரத்தத்தில் முளைத்திருக்கிறது என்றால் அதை உடம்பு எங்கே உற்பத்தி செய்திருக்கும்? ரத்தப் புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் தயாராகின்றன. ஆகவே கல்லீரலைப் பார்ப்போம் என்று போனார்கள். சாதாரண யோசனை. ஒரு வீட்டுச் சமையலில் உப்பு ஏன் கூடியது என்று தெரிய அந்த வீட்டு அடுக்களைக்குத்தானே போக வேண்டும்.

அடுக்களை புகைந்துகொண்டிருந்தது. கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதிகளின் அளவு ஏறியிருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை, வாந்தி இல்லை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருக்குக் கல்லீரல் அழற்சி, அதாவது ஹெபடைடிஸ், வந்திருந்தது. சத்தமில்லாமல்.

அதன் பிறகு தகடுகளை அந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் கோடு விழுந்தவர்களின் கல்லீரல் நொதிகளையும் விழாதவர்களுடையதையும் ஒப்பிட்டால், விழுந்தவர்களுக்குக் கூடுதல். மஞ்சள் காமாலை நோயாளிகளின் சீரத்தை நேரே வாங்கிச் சோதித்தார்கள். பலரிடம் கோடு, சில வாரம் கழித்துப் பலரிடம் அது மறைந்தது.

முதல் வாரத்திலிருந்து தொங்கும் புதிர் இங்கே அவிழ்கிறது. நியூயார்க்காரரும் ஆஸ்திரேலியரும் சந்தித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருவரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு கண்டத்தில், ஒரே மூன்றாம் நபரைச் சந்தித்திருந்தார்கள். அந்த மூன்றாம் நபர் ஒரு வைரஸ். காமாலை வைரஸ் இருந்த யாரோ ஒருவரின் ரத்தம் நியூயார்க்காரருக்கு ஏற்றப்பட்டது. அவர் உடம்பு போராடி ஜெயித்து, ஆன்டிபாடியை ஆயுதமாக வைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியரின் உடம்பில் அந்த வைரஸ் குடியிருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் கோடு விழுந்ததற்குக் காரணம் அவர்களுக்கும் ஏராளமாக ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது, எதிர்க்கும் வலுவும் உடம்பில் இல்லை. நெரிசலான விடுதியில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. பிறந்த குழந்தையிடம் இல்லாததும் இதனால்தான். நோய்க்குக் காரணம் என்று நினைத்தது, நோயால் வந்ததாக இருந்தது. பிறவிக் குணம் என்று நினைத்தது, தொற்றிக்கொண்டதாக இருந்தது.

வைரஸைத் தேடி யாரும் கிளம்பவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். காமாலை வைரஸைப் பிடிப்பதற்கென்றே பலர் வருடக்கணக்கில் குரங்குகளோடும் செல் வளர்ப்புகளோடும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். யானைக்கால் நோய் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று கேட்டுக்கொண்டு போனவர் கையில் அது சிக்கியது.

ஆனால் சந்தர்ப்ப சாட்சியம் வேறு, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. ஒருவர் நோயில் விழும் முன்பே தகடு சொல்லிவிட்டால்?

1967 ஏப்ரல். ப்ளூம்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பொருளை ரத்தத்திலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தும் வேலையை ஓர் இளம்பெண் செய்துவந்தார். வருஷக்கணக்கில் பழகிய கை. சில நாளாக அவருக்கு உடம்பு சரியில்லை. அசதி. என்ன அசதி என்று வேறு யாருக்கும் சட்டென்று தோன்றியிருக்காது. அவருக்குத் தோன்றியது. தினமும் எந்தச் சீரத்தில் கை வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அண்மைக் காலமாக அங்கே எல்லாரும் பேசுவது கல்லீரலைப் பற்றி என்பதும் தெரியும்.

ஒரு மாலை, தன்னுடைய ரத்தத்திலிருந்தே சீரத்தைப் பிரித்தார். வழக்கம்போல் தகட்டை வைத்தார். நடுக்குழியில் ஆன்டிபாடி. சுற்றுக்குழிகளில் ஒன்றில், தான்.

இனி ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

(தொடரும்)

நான்காம் வாரம்: மீதி உள்ளவர்கள்

மறுநாள் காலை கோடு இருந்தது. மங்கலாக, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி. அதன் பிறகுதான் அவர் கண் மஞ்சளானது. உலகத்திலேயே இந்தச் சோதனையால் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் காமாலை அவருடையது, கண்டறிந்தவரும் அவரே. முழுதாகக் குணமாகி வேலைக்குத் திரும்பினார்.

உலகம் மாலையோடு வந்து நிற்கவில்லை. 1967-லேயே ஒரு கட்டுரை வந்துவிட்டது. அடுத்து விரிவாக எழுதிய கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் திருப்பி அனுப்பியது. காமாலை வைரஸ் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஏற்கெனவே நிறையப் பேர் வந்தாயிற்று, நீங்களும் ஒன்றா என்பது சாரம். இதழைக் குறைசொல்ல முடியாது. இந்த நோய் ஆய்வாளர்களை அத்தனை அலைக்கழித்திருந்தது. 1880-களில் ஜெர்மனியின் பிரேமன் நகரக் கப்பல் கட்டும் துறையில் 1,289 தொழிலாளர்களுக்கு அம்மைப்பால் குத்தினார்கள். 191 பேருக்குக் காமாலை வந்தது. அம்மைப்பாலில் மனித நிணநீர் கலந்திருந்தது. 1942-ல் அமெரிக்க ராணுவத்துக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித சீரம் கலந்திருந்தது. சுமார் 50,000 வீரர்கள் காமாலையோடு மருத்துவமனையில் படுத்தார்கள். ரத்தத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆளைத்தான் யாரும் பார்த்ததில்லை. 1947-ல் மக்கல்லம் என்ற ஆய்வாளர் வாய்வழி வரும் காமாலையை ‘ஏ’ என்றும் ரத்தவழி வருவதை ‘பி’ என்றும் பிரித்துப் பெயர் மட்டும் வைத்திருந்தார்.

சாட்சி சொல்ல டோக்கியோவிலிருந்து ஒருவர் வந்தார். கசுவோ ஒகோச்சி, ரத்தம் ஏற்றும் துறை. அவர் கேட்ட கேள்வி நேரடியானது: கோடு விழும் ரத்தத்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு என்ன ஆகிறது? காமாலை வருகிறது, அதிகமாக வருகிறது. நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் பிரின்ஸும் 1968-ல் தன் வழியில் அதே பொருளை வந்தடைந்தார். 1970-ல் லண்டனில் டேவிட் டேன் மின்னணு நுண்நோக்கியில் 42 நானோமீட்டர் உருண்டையைப் பார்த்தார். அதுதான் முழு வைரஸ். தகட்டில் கோடு போட்டது அதன் மேலுறைப் புரதம். வைரஸ் குடியிருக்கும் உடம்பில் இந்த உறை மட்டும் தேவைக்கு மேல் உற்பத்தியாகி, உள்ளே சரக்கில்லாமல் கோடி கோடியாக ரத்தத்தில் மிதக்கிறது. அதனால்தான் கடல்பாசித் தகடு மாதிரி முரட்டுக் கருவியிலும் அது அகப்பட்டது.

சரக்கில்லாத உறை நோய் தராது, ஆனால் எதிர்ப்பைத் தூண்டும். 1969-லேயே ப்ளூம்பெர்க்கும் இர்விங் மில்மனும் இதை வைத்துத் தடுப்பூசி செய்யலாம் என்று காப்புரிமைக்கு எழுதிப்போட்டார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே தடுப்பூசி! 1981-ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ப்ளூம்பெர்க்குக்கு நோபல் கிடைத்தது 1976-ல். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெயர் போய், ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஐந்தெழுத்து வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பு எழுதித் தரும் சோதனைச் சீட்டிலும், கர்ப்பிணிப் பெண்ணின் அட்டையிலும், ரத்தப் பையின் மேல் ஒட்டிய தாளிலும் இந்த ஐந்தெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்போது பாசியும் இல்லை, ராத்திரிக் காத்திருப்பும் இல்லை. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் சுண்டெலி செல்லிலிருந்து ஒரே அச்சான ஆன்டிபாடியை அளவில்லாமல் எடுக்கும் வித்தையைக் கண்டுபிடித்த பிறகு, நோயாளியின் உடம்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. விரல் நீள அட்டையில் சில சொட்டு விட்டால் கால் மணி நேரத்தில் கோடு. தங்கத் துகளை ஆன்டிபாடியில் ஒட்டியிருப்பதால் அந்தக் கோடும் சிவப்புச் சாயலில்தான் வருகிறது. அசோகார்மினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1963-ன் தகடு ஞாபகம் வரும். அந்த நடுக்குழிக்குச் சீரம் கொடுத்தவரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் இல்லை.

கீழாநெல்லியை இவன் இன்னும் சொல்லவில்லையே என்று நான்கு வாரமாக நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். சொல்கிறேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் குழுவினரும், ப்ளூம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லண்டனின் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். மற்றொரு பிரிவுக்கு வெறும் பொடி. வைரஸ் போயிற்றா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதே ஆன்டிபாடிச் சோதனைதான். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டி அரைத்துக் கொடுத்துக் காமாலை போனதே என்றால், வாய்வழி வரும் ‘ஏ’ காமாலை பெரும்பாலும் தானாகவே போய்விடும். பாட்டி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ரத்தவழிக் காமாலைக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இப்போது ஆல்டர்.

1969-ல் அவர் பெதஸ்டாவுக்கே திரும்பிவிட்டார். இதய அறுவை சிகிச்சைக்கு வருபவர்களுக்கு ஏற்றிய ரத்தத்திலும், ஏற்றிய பிறகு அவர்களிடமிருந்து வாரா வாரம் எடுத்த ரத்தத்திலும் கொஞ்சம் உறைய வைத்துச் சேமித்துக்கொண்டே வந்தார். தொடக்கத்தில் பத்துப் பேரில் மூன்று பேருக்குக் காமாலை வைரஸ் தொற்றியது. காசுக்கு ரத்தம் விற்பவர்களை நிறுத்தினார்கள், கோடு விழும் ரத்தத்தை ஒதுக்கினார்கள். எண்ணிக்கை சரிந்தது. ஆனால் நிற்கவில்லை. கோடு விழாத சுத்தமான ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் கல்லீரலும் புகைந்தது.

ஒருவேளை ‘ஏ’ ஆக இருக்குமோ? 1973-ல் அதே நிறுவனத்தில் ஸ்டீஃபன் ஃபைன்ஸ்டோன் ஏ வைரஸையும் கண்ணால் பார்த்து, அதற்கான சோதனைக்கு வழி செய்தார். ஆல்டர் தன் ஃப்ரீசரைத் திறந்து, நோயுற்றவர்களின் சீரத்தை வரிசையாக எடுத்துக் கொடுத்தார். 1975-ல் முடிவு கைக்கு வந்தது.

ஒருவரிடமும் ஏ இல்லை. ‘பி’யும் இல்லை.

(தொடரும்)